‘பின்’ படத்தில் முளைத்த புருவம்

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கம்பளியின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. "புருவத்துக்கு இடது பக்கம். உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று கை காட்டிவிட்டாள்.

துப்பறிய வந்தவனை வந்த கையோடு வைத்தியத்துக்கு வந்தவனாக்கிவிட்டதில் கம்பளிக்கு வருத்தம்தான். ஆனால் அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? அவன் எங்கே போனாலும் புருவம் ஓரடி முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு புருவமும் நடுவில் இடைவெளி விடாமல் ஒரே கோடாக ஓடுகிற முகம். பள்ளிக்கூடத்தில் கம்பளிப்பூச்சி என்று பெயர் வைத்தார்கள். காலப்போக்கில் பூச்சி உதிர்ந்து கம்பளி மட்டும் மிஞ்சியது. வயது முப்பதைத் தொடப் போகிறது. பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அம்மாவின் தங்கைதான் அவனுடைய முதலாளி. பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தவள். எல்லார் கையிலும் கேமரா வந்து தொழில் படுத்தபோது, சித்தி கடையை மூடவில்லை. பெயர்ப்பலகையில் ‘ஸ்டூடியோ’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘துப்பறியும்’ என்று ஒரு சொல்லை எழுதிச் சேர்த்தாள். இரண்டும் ஒரே வேலைதானாம். எதிரே வந்து உட்காருகிறவர்கள் எதையாவது மறைப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர்களைக் கூப்பிட்டு அனுப்பிய அம்மாளுக்கு ஊரெல்லாம் ‘நிரந்தரம் மேடம்’ என்றே பெயர். வாயைத் திறந்தால் நிரந்தரம். கண்ணைச் சுற்றியுள்ள மென்மையான தோலில் வேண்டாத முடியை லேசரால் நிரந்தரமாக நீக்குவது அவருடைய சிகிச்சை நிலையத்தின் சிறப்பு. அவருடைய அறைச் சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். கம்பளி கிட்டே போய்ப் படித்தான். ஒன்று யோகாவுக்கு. ஒன்று கேக் அலங்காரத்துக்கு. இன்னொன்று, ஏதோ மாநாட்டில் கலந்துகொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்ததற்கு. எல்லாவற்றுக்கும் சட்டம் மட்டும் ஒரே தங்க நிறம்.

மேடம் சொன்ன விவகாரம் இதுதான். பேருந்து நிறுத்தங்களில் அவருடைய விளம்பரப் பலகைகள் இருக்கின்றன. இடது பாதியில் ‘முன்’: புருவங்கள் கூடிய ஒரு பெண். வலது பாதியில் ‘பின்’: அதே பெண், புருவங்களுக்கு நடுவே பளிங்கு மாதிரி தோல். யாரோ ஒருவர் கறுப்பு மையால் ‘பின்’ படத்தில் புருவத்தைத் திரும்ப ஒட்டி வரைந்துவிடுகிறார். பலகையை மாற்றினால் மறுபடியும் முளைக்கிறது. ஒரு நிறுத்தத்தில் எவனோ புண்ணியவான் அதன் கீழே ‘வாரன்டி முடிஞ்சுபோச்சு’ என்றும் எழுதி வைத்துவிட்டான்.

"அடுத்த வாரம் இமைத் திட்டம் ஆரம்பிக்கிறேன். புருவத்துலேர்ந்து இமை ஓரம் வரைக்கும், நிரந்தரமா. ஹால்ல பாத்தீங்கல்ல, எத்தனை பேர் பதிவு பண்ண வந்திருக்காங்கன்னு? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்கு அந்த ஆள் பேரு வேணும்" என்றார் மேடம். எதிர்வாடையில் நூல் போட்டுப் புருவம் திருத்துகிறவள்மேல்தான் அவருக்குச் சந்தேகம்.

படத்தில் இருக்கும் பெண் யார் என்று சித்தி கேட்டாள். வெளிநாட்டு மாடல், ஏஜென்சி மூலமாக வந்தவள், இப்போது எங்கே என்று தெரியாது என்று மேடம் சொன்னார். சொல்லும்போது மேசையில் நேராக இருந்த பேனாவை இன்னும் நேராக்கினார். பிறகு கம்பளியின் பக்கம் திரும்பி முகத்தை ஆராய்ந்து, கட்டணம் போக இவருக்கு ஓர் இலவச சிகிச்சையும் உண்டு, சாயங்காலமே நாற்காலி காலியாக இருக்கிறது என்றார்.

கம்பளிக்கு மனசு துள்ளியது. பெண் பார்க்கப் போன வீட்டில் ஒரு குழந்தை, "மாமாவுக்கு மீசை மேல ஏறிடுச்சு" என்று சொன்ன நாளிலிருந்து அவன் இப்படி ஒரு நாற்காலிக்காகத்தான் காத்திருந்தான்.

எதிர்வாடைக் கடையில் நூல்காரி ஒரு வாடிக்கையாளரின் நெற்றியில் வேலையாக இருந்தாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்திருந்ததால் பதிலெல்லாம் பல்லிடுக்கு வழியாகவே வந்தது. பலகையைக் கெடுத்தது அவளா என்று கேட்டதும் நூலையே விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நான் எதுக்குங்க கெடுக்கணும்? அங்க நிரந்தரமா எடுத்துக்கிட்டவங்கதான் மாசாமாசம் என் பின்வாசல்ல வந்து நிக்கிறாங்க. அந்த போர்டுக்கு ராத்திரி லைட்டு இல்லைன்னா நானே ஒரு பல்பு மாட்டிவிடுவேன்."

சிலருக்கு அந்த லேசர் பட்ட பிறகு முடி முன்னைவிட அடர்த்தியாக முளைப்பதையும் பார்த்திருப்பதாகச் சொன்னாள். வெளியே வந்ததும், இந்தம்மா குற்றவாளி இல்லை, பங்குதாரர் என்று கம்பளி தீர்ப்புச் சொன்னான். சித்தி சிரிக்கவில்லை. நேரே நிறுத்தத்துப் பலகையின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

அவள் அப்படி நிற்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. பேருந்துகள் வந்தன, போயின. ஒரு கிழவர் இவர்களைப் பார்த்துவிட்டுத் தானும் பலகையைப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் போய்விட்டார்.

"‘முன்’ படத்துல புருவம் சேர்ற இடத்துல என்ன இருக்கு, சொல்லு."

கம்பளி உற்றுப் பார்த்தான். முடிகள் ஓரிடத்தில் வட்டமாகத் திரும்பியிருந்தன. உச்சந்தலையில் இருக்குமே, அந்த மாதிரி சின்னச் சுழி. நடுவிலிருந்து இடது பக்கம் தள்ளி இருந்தது. ‘பின்’ படத்தில் மையால் வரைந்த புருவத்திலும் அந்தச் சுழி இருந்தது. கீறல் கீறலாக, ஒவ்வொரு முடியும் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம் சாய்த்து வரைந்திருந்தார்கள். ஆனால் வலது பக்கம்.

"பக்கத்துலயே பாத்து வரையறதுக்குப் படம் இருக்கு. ஏன் மாத்திப் போடணும்?" என்றாள் சித்தி.

"அவசரமா இருக்கும்."

"எல்லா போர்டுலயும் அதே அவசரமா? காலையில மேடம் காட்டின ஃபோட்டோவிலெல்லாம் சுழி வலது பக்கம்தான்."

பிறகு சித்தி தன் பழைய தொழிலின் சங்கடத்தைச் சொன்னாள். ஸ்டூடியோவில் படத்தைக் கையில் வாங்கிய பத்துப் பேரில் ஒன்பது பேர் இது நான் இல்லை என்பார்களாம். வகிடு மாறியிருக்கிறது, மச்சம் இடம் மாறியிருக்கிறது என்று சண்டை பிடிப்பார்களாம். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம். இடம் வலமாகத் திரும்பிய முகம்.

"இந்தப் பொண்ணோட முகம் யாருக்கு இடம் வலமா தெரியும்?"

"கண்ணாடிக்கு."

"கண்ணாடி பேனா பிடிக்குமாடா?"

கம்பளிக்கு அப்போதுதான் உறைத்தது. வரைந்தது படத்தில் இருக்கிறவளேதான். தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகிய புருவத்தை, படத்தைப் பார்க்காமல், கைக்கு வந்தபடி வரைந்திருக்கிறாள். வெளிநாட்டு மாடலாவது மண்ணாவது.

அதோடு சித்தி இன்னொன்றையும் விரலால் காட்டினாள். வரைந்த சுழிக்கு நேர் கீழே, அந்தக் கண்ணின் கருவிழியில் ஒரு துளி மை. சொட்டியிருக்கும் என்றான் கம்பளி. மை எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் சொட்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டு, சித்தி நிறுத்தத்தில் எழுதியிருந்த பேருந்து எண்களைப் படிக்க ஆரம்பித்தாள். கெட்டுப்போன பலகைகள் எல்லாம் ஒரே பேருந்தின் தடத்தில் இருந்தன. அதுவும் அந்தப் பேருந்து சற்று நேரம் நின்று புறப்படுகிற இடங்களில் மட்டும்.

அதே பேருந்தில் ஏறினார்கள். வானம் மூடிக்கிடந்தது. பேருந்துக்குள் விளக்குப் போடலாமா என்கிற அளவுக்கு மந்தாரம். நடத்துநர் பெண் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். தோளில் பை, சட்டைப்பையில் பார்சல் மூட்டைகளில் எண் எழுதுகிற தடித்த கறுப்புப் பேனா. கண்ணாடியின் மேல் விளிம்புக்கு மேலே இந்தக் காதருகிலிருந்து அந்தக் காதருகு வரைக்கும் ஒரே புருவம்.

"சித்தி, நம்ம கட்சி" என்று கம்பளி காதைக் கடித்தான்.

கடைசி நிறுத்தம் வரை சித்தி ஒன்றும் கேட்கவில்லை. பயணிகள் எல்லாரும் இறங்கி, ஓட்டுநரும் கை கால் கழுவப் போன பிறகு, நடத்துநரின் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்து, தான் யார், யார் அனுப்பி வந்திருக்கிறேன் என்பதை ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"நான் கிறுக்கலைங்க. திருத்தினேன்."

பிறகு கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண்ணில் கண்மணி வட்டமாக இருந்தது. வலது கண்ணில் அது கீழ்நோக்கி இழுத்த துளி மாதிரி கோணி, அகலமாகத் திறந்து கிடந்தது.

அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ‘ரெண்டு டிக்கெட், ஒரு புருவம்’ என்று பயணிகள் கேலி செய்வார்கள். அந்த நேரத்தில், படம் எடுத்துக்கொள்ள அனுமதி தந்தால் சிகிச்சை இலவசம் என்று மேடம் சொன்னதும் சம்மதித்துவிட்டாள். கண்மேல் ஈரப் பஞ்சை வைத்தார்கள். புருவத்துக்குக் கீழே, இமைமேல் கருவி வந்தபோது பஞ்சு நகர்ந்தது. மூடிய இமை வழியாகவே வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. சரியாகிவிடும் என்றார் மேடம். ஆகவில்லை. கண் மருத்துவமனையில், இமைக்குள் உலோக மூடி வைக்காமல் அந்தக் கதிரைக் கண்ணுக்கு அவ்வளவு கிட்டே கொண்டுபோகவே கூடாது என்றார்கள். வெளிச்சத்தில் கண்மணி இனிச் சுருங்காது. வெயில் பட்டால் ஊசியால் குத்துவதுபோல் இருக்கும். நீக்கிய முடி மட்டும் முன்னைவிடச் செழிப்பாக வந்துவிட்டது. நியாயம் கேட்கப் போனால் படத்தைக் காட்டினார்கள். படத்தில் இரண்டு கண்ணும் அச்சு வார்த்ததுபோல இருந்தன.

"கம்ப்யூட்டர்ல என் கண்ணைச் சரி பண்ணிட்டாங்க. நிஜத்துல பண்ண முடியலை. இப்ப இமைக்கே பண்றாங்களாமே. அந்த போர்டைப் பாத்துட்டுத்தானே போவாங்க, நாலு பேராவது நின்னு யோசிக்கட்டும்னுதான்."

புகார் கொடுத்திருக்கலாமே என்று கம்பளி கேட்டான். கண் இப்படி என்று டிப்போவுக்குத் தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், வீட்டில் சம்பாதிக்கிறவள் தான் ஒருத்திதான் என்றாள். உன் பெயர் என் வாயிலிருந்து வராது என்று சித்தி வாக்குக் கொடுத்தாள். கம்பளியும் தலையாட்டினான். அவனுடைய நாற்காலி சாயங்காலத்துக்குக் காத்திருக்கிறது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

"நான் போகலை சித்தி. எனக்கு இந்தப் புருவமே போதும்."

"போற. நான் சொல்றவரைக்கும் படுத்துக்கிட்டிரு. மெஷின் கிட்ட வந்தா பாத்ரூம் வருதுன்னு சொல்லி எழுந்துரு. உலகத்துல யாரும் அதுக்குத் தடை சொல்ல மாட்டாங்க."

சாயங்காலம் கம்பளி நாற்காலியில் மல்லாந்திருந்தான். உதவியாளர் பெண் கண்மேல் ஈரப் பஞ்சை வைத்தாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவனுக்குக் காதால் கேட்ட கதைதான்.

அந்த நிலையத்தில் சிகிச்சை நடப்பதை ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள். காத்திருப்பவர்களுக்கு ஆசை வர வேண்டும் என்று மேடம் செய்த ஏற்பாடு. சித்தி அதையே பிடித்துக்கொண்டாள். தன் கேமராவிலேயே படம் பிடித்து டிவிக்கு அனுப்புவதாகவும், பழைய ஸ்டூடியோக்காரியின் வெளிச்சமே தனி என்றும் சொன்னாள். மேடம் உடனே தலைமுடியைக் கோதிக்கொண்டார் என்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. உலோக மூடி ஏதாவது வைக்க வேண்டாமா என்று சித்தி அப்பாவிபோல் கேட்டாள். அதெல்லாம் பழைய காலத்து பயம், கண்ணை மூடினால் போதும், இமைக்குக்கூட நிரந்தரமாகச் செய்யலாம், துளி ஆபத்து கிடையாது என்று மேடம் ஹாலுக்கே கேட்கும்படி விளக்கினார்.

இயந்திரம் ரீங்காரம் போட ஆரம்பித்தது. கம்பளிக்கு பாத்ரூம் உண்மையாகவே வந்துவிட்டது.

"மேடம், ஒரே ஒரு போஸ். கருவியை உங்க புருவத்துக்குப் பக்கத்துல பிடிச்ச மாதிரி. முகமும் மெஷினும் ஒண்ணா இருந்தா விளம்பரத்துக்கு நல்லா இருக்கும். கண்ணுக்குப் போட்டிருக்கற கண்ணாடியைக் கழட்டிடுங்க, படத்துல வெளிச்சம் அடிக்குது."

மேடம் தயங்கியது தெரிந்தது. உதவியாளர் பெண் வேலைக்குப் புதியவள். முதலாளிக்கு உதவுகிற உற்சாகத்தில் கைப்பிடியைத் தானே எடுத்து அவர் புருவத்தருகே நீட்டியிருக்கிறாள். அடுத்த நொடி ஏதோ தட்டிவிடப்பட்டுத் தரையில் விழுந்து உருண்டது.

"ஏய், கண்ணு கிட்ட கொண்டு வராதே. கண்ணு போயிடும்டி."

டிவி வழியாக அதே வார்த்தை ஹாலில் இன்னொரு முறை கேட்டது. கம்பளி பஞ்சை எடுத்துவிட்டு எழுந்தான். உதவியாளர் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு யாரும் சொல்லாமலே குனிந்து இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினாள்.

அங்கேயே வழக்கு முடிந்தது என்று கம்பளி நினைத்தான். மேடத்தைக் குறைவாக எடை போட்டுவிட்டான். அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக ஹாலுக்கு நடந்தார். பதிவு செய்ய வந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். கருவி இயங்கும்போது விளையாடக் கூடாது என்று ஊழியரைக் கண்டித்ததாக விளக்கம் சொன்னார். குரலில் நடுக்கமே இல்லை. ஓரிருவர் மறுபடி உட்காரவும் செய்தார்கள்.

"இத்தனை வருஷத்துல இங்க யாருக்காவது கண்ணுல ஒரு கீறல் விழுந்திருக்கா? ஒருத்தரைக் காட்டுங்க, பாக்கலாம்."

சித்தி வாயைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்தவள். கம்பளிக்கு நாக்கு நுனிவரை வந்தது. தானும் தலையாட்டியிருந்ததால் விழுங்கிக்கொண்டான். காட்ட ஆள் இல்லை. மேடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து சித்தியிடம் நிறுத்தினார். உதட்டில் ஒரு சிரிப்பு. "சரி, நான் கேட்ட பேரு என்னாச்சு?" என்றார்.

"போர்டுல இருக்கிற ‘பின்’ நான்தான்."

குரல் வாசலிலிருந்து வந்தது. வேலை முடிந்து சீருடையோடு, தோளில் பையோடு நடத்துநர் நின்றிருந்தாள். சாயங்காலத் திட்டத்தைச் சித்தி பேருந்தில் சொன்னபோது அவளும் கேட்டிருந்தாள். உள்ளே வந்து, ஹாலின் வெள்ளை விளக்குகளுக்கு நடுவில் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அந்த வெளிச்சமே அவளுக்கு வலித்திருக்க வேண்டும். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முன்வரிசையில் இருந்த அம்மாள் ஒருத்தி எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"படத்துல எழுதினதும் நான்தான். போலீஸைக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க. நானும் அவங்ககிட்ட நிறையப் பேசணும்."

மேடம் யாரையும் கூப்பிடவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஹாலில் இருந்தவர்கள் பதிவுப் பணத்தைத் திரும்பக் கேட்டு வரவேற்பு மேசையை மொய்த்தார்கள். அன்றிரவே சித்தி எடுத்த படமும் நடத்துநரின் மருத்துவமனைத் தாளும் சுகாதாரத் துறைக்குப் போக ஏற்பாடாயிற்று. தாங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வருவதாக மூன்று பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். கேட்ட பெயரைக் கேட்ட நேரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியும் கட்டணம் கிடைக்காத முதல் வழக்கு இதுதான் என்று கம்பளி புலம்பினான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டம் கலைந்ததும் நடத்துநர் வரவேற்பு மேசைத் தொலைபேசியைக் கேட்டு வாங்கி டிப்போவுக்குப் பேசினாள். வேறு யாரோ சொல்லித் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று நினைத்திருப்பாள். கண்ணைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். இனிமேல் பகல் வெளிச்சத்தில் வேலை பார்ப்பது கஷ்டம் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, அடி விழப்போகிறது என்று தெரிந்தவள்போல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் இஞ்சின் சத்தம் இரைந்தது. டிப்போ மேலாளர் வண்டிகளுக்கு நடுவில் கத்திப் பேசியே பழகியவர். அவருடைய பதில் ரிசீவரைத் தாண்டி ஹாலுக்கே கேட்டது.

"இத்தனை நாளும் வாயை மூடிக்கிட்டு வெயில்ல வந்தியாம்மா? ஆஸ்பத்திரி சீட்டைக் கொண்டு வந்து குடு, பாக்கலாம். ராத்திரி கடைசி டிரிப் எடுத்துக்கிறியா? அதுக்குத்தான் ஆள் கிடைக்காம அலையறேன்."

எடுத்துக்கறேன் சார் என்றாள். ரிசீவரை வைத்தாள். பக்கத்தில் இருந்த நாற்காலியில் பையோடு அப்படியே உட்கார்ந்தவள், இத்தனை நாளாக அடக்கியதெல்லாம் சேர்ந்து வர, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதாள். சித்தி அவள் தோளில் கை வைத்தாள். கம்பளி என்ன செய்வது என்று தெரியாமல் எதிரே நின்றான். அழும்போது அவளுடைய இரண்டு கண்களும் ஒரே மாதிரிதான் இருந்தன.